லைப்சிக் வந்த தம்பிக்கு: படமும் இண்டி இசையும் இங்கே எப்படி

முதுகலை படிக்க ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வந்திருக்கும் தம்பி கேட்டது இதுதான்: தியேட்டருக்குப் போனால் இங்கிலீஷ் படம்கூட ஜெர்மனில்தான் பேசுகிறது, ஊரில் இருந்தவரை சின்னப் படங்களும் இண்டி இசையும் (பெரிய நிறுவனங்களைச் சாராத இசை) இல்லாமல் ஒரு வாரம் போனதில்லை, இங்கே அதற்கு என்ன வழி, டோரண்ட் போட்டால் பிரச்சினை வருமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். டோரண்ட் வேண்டவே வேண்டாம். டோரண்டில் படத்தை இறக்கும்போதே அதன் துண்டுகளை மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள். அதனால் அது இங்கே ‘பார்த்தது’ என்ற கணக்கில் வராது, ‘விநியோகித்தது’ என்ற கணக்கில் வரும். உரிமை வைத்திருப்பவர்கள் ஐபி முகவரிகளைக் குறித்துக்கொண்டு, நீதிமன்றம் மூலமாக இணைய நிறுவனத்திடம் பெயரையும் முகவரியையும் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் ‘அப்மானுங்’ என்ற வக்கீல் நோட்டீஸ் வரும்: பல நூறு யூரோ கட்டு, ‘இனி இப்படிச் செய்ய மாட்டேன்’ என்று இணைத்திருக்கும் உறுதிமொழியில் கையெழுத்துப் போடு, இன்ன தேதிக்குள். ஸ்ட்ரீமிங் மாதிரித் தெரியும் சில ஆப்களும் உள்ளே டோரண்ட்தான். அறைத்தோழர் பெயரில் இணையம் இருந்தால் நோட்டீஸ் அவருக்குப் போகும், நட்பும் கெடும்.

ஏற்கெனவே வந்துவிட்டால் பயந்து உடனே பணம் கட்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அவர்கள் அனுப்பிய உறுதிமொழியை அப்படியே கையெழுத்திட்டால் அது காலத்துக்கும் உங்களைக் கட்டிப்போடும். பெரும்பாலும் திருத்தி எழுதித்தான் கொடுக்க வேண்டும். கெடு முடிவதற்குள் பல்கலைக்கழக மாணவர் அமைப்பின் சட்ட ஆலோசனைக்கோ, நுகர்வோர் மையமான ஃபெர்பிராவுஹர்சென்ட்ராலேவுக்கோ கடிதத்தை எடுத்துப் போங்கள். மஞ்சள் உறையில் நீதிமன்றத்திலிருந்தே ‘மான்பெஷைட்’ என்ற பணம் கட்டச் சொல்லும் உத்தரவு வந்தால் ஆட்சேபம் தெரிவிக்க இரண்டே வாரம். அதை மட்டும் தவற விடவே கூடாது.

இனி தியேட்டர். இங்கே டப்பிங்தான் இயல்பு. நிகழ்ச்சிப் பட்டியலில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் போடவில்லை என்றால் ஜெர்மன் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓவி’ என்றால் மூல மொழி, சப்டைட்டில் கிடையாது. ‘ஓஎம்யு’ என்றால் மூல மொழி, ஜெர்மன் சப்டைட்டில். நடுவில் சின்னதாக ஒரு ‘இ’ சேர்ந்து ‘ஓஎம்இயு’ என்றிருந்தால் சப்டைட்டில் ஆங்கிலம். அந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்துவிட்டு, ஈரானியப் படத்தை ஜெர்மன் சப்டைட்டிலோடு பார்த்துத் திணறுகிறவர்கள் நிறைய. மல்டிபிளக்ஸை விட்டுவிட்டு ‘புரோக்ராம்கினோ’ எனப்படும் சின்ன அரங்குகளைப் பிடியுங்கள். ஊர் நடுவில் பஸாஜ் கினோஸ் இருக்கிறது. கார்ல் லீப்க்னெஷ்ட் தெருவில் ‘நாட்டோ’ என்ற பண்பாட்டு மையத்தில் சினெமாதேக் என்ற சின்ன அரங்கு நடக்கிறது. அங்கே மூல மொழியில் போடுவதுதான் வழக்கம். பல்கலைக்கழக ஊர்களில் மாணவர்களே நடத்தும் ‘ஊனிகினோ’வும் உண்டு, டிக்கெட் சில யூரோதான்.

தமிழ்ப் பெரிய படங்கள் ரிலீஸ் வாரத்தில் மல்டிபிளக்ஸில் ஓரிரு காட்சி வரும். அதற்கு இரண்டு எச்சரிக்கை. படம் நீளமாக இருந்தால் ‘யூபர்லெங்கே’ என்று கூடுதல் கட்டணம் சேரும். வயது விஷயம் இன்னும் முக்கியம்: எஃப்எஸ்கே என்ற வயதுச் சான்றிதழ் வாங்காத படத்துக்கு 18 வயதுக்குக் கீழே யாரையும் விட மாட்டார்கள், அம்மா அப்பா கூடவே வந்தாலும். 12 என்று போட்டிருந்தால் 6 வயதுக் குழந்தை பெற்றோரோடு போகலாம். 16 என்றால் அந்தச் சலுகை கிடையாது. குடும்பத்தோடு வந்து வாசலில் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். டிக்கெட் எடுக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

தமிழின் சின்னப் படங்கள் திருவிழா வழியாகத்தான் ஜெர்மனிக்கு வருகின்றன. ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லினாலே எனப்படும் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில்தான் முதலில் திரையிடப்பட்டது. பெர்லினாலே பிப்ரவரியில், டிக்கெட் காட்சிக்குச் சில நாள் முன்புதான் இணையத்தில் திறக்கும், நிமிடங்களில் தீரும். ஸ்டுட்கார்ட்டில் இந்தியத் திரைப்பட விழா ஜூலையில்.

வீட்டில் பார்க்க: மாதம் 18.36 யூரோ ரேடியோ, டிவி கட்டணம் வீட்டுக்கு ஒன்று என்று கட்டத்தான் போகிறீர்கள் (அறைத்தோழர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம்). கட்டிய காசுக்கு ஆர்ட்டே என்ற பொதுத் தொலைக்காட்சியின் மீடியாதேக்கை (இணையத்தில் இலவசமாகப் பார்க்கும் தொகுப்பு) பாருங்கள். நல்ல படங்கள் கொஞ்ச காலம் கிடக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். ஆர்ட்டே கான்சர்ட்டில் முழுக் கச்சேரிகள் இருக்கும். பல நகர நூலகங்களின் அட்டையில் ஃபில்ம்ஃப்ரெண்ட் என்ற ஸ்ட்ரீமிங் இலவசம். உங்கள் நூலகத்தில் உண்டா என்று கேளுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? என் தேர்வு ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் 1987 படம், ‘பெர்லினின் மேல் வானம்’. படமும் இண்டி இசையும் ஒன்றாக நிற்கும் இடம் அது. ராக் பாடகர் நிக் கேவின் குழு அதில் மேடையேறிப் பாடுகிறது. பெர்லின் சுவரை ஒட்டிய வெறும் பொட்டலில் ஒரு கிழவர் போட்ஸ்டாமர் பிளாட்ஸ் எங்கே என்று தேடி நடக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு அதே இடத்துக்குப் போய் நில்லுங்கள். போர் அழித்ததைச் சொல்ல வேறு வசனமே தேவைப்படாது. அங்கிருந்த எஸ்பிளனேட் ஹோட்டலின் மண்டபம் ஒன்றை 1996இல் 75 மீட்டர் நகர்த்தி, புதிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அடுத்து இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் 1974 படம் ‘ஆங்ஸ்ட் எஸ்ஸன் ஸேலே அவுஃப்’, மொராக்கோத் தொழிலாளி அலியும் துப்புரவு வேலை செய்யும் எம்மியும் கல்யாணம் செய்துகொள்வது. வெளிநாட்டில் வாழ வந்தவர் யாரும் அதைத் தவறவிடக் கூடாது. வசனமும் எளிமை, அலி பேசுவதே உடைந்த ஜெர்மன்.

பாட்டில், ஜெர்மன் பழக டோகோட்ரோனிக். ஹாம்பர்க் குழு, சொற்கள் தெளிவாகக் காதில் விழும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் பவேரியாவின் சிற்றூர் வைல்ஹைமிலிருந்து வந்த நாட்விஸ்ட் குழு, 2002இல் வந்த அவர்களது ‘நியான் கோல்டன்’ ஆல்பம்.

கச்சேரிக்கு லைப்சிக்கின் கொன்னெவிட்ஸ் பகுதிக்குப் போங்கள். க்ரொய்ஸ் டிராம் நிறுத்தத்தை ஒட்டியே யூடி கொன்னெவிட்ஸ் இருக்கிறது. 1912இல் திறந்த பழைய திரையரங்கு, இன்று படமும் கச்சேரியும் இரண்டும் நடக்கின்றன. சுவரொட்டியில் ‘ஐன்லாஸ் 19, பெகின் 20’ என்றிருந்தால் 7 மணிக்குக் கதவு திறக்கும், 8 மணிக்குத் துணைக் குழு; நீங்கள் பார்க்க வந்த குழு 9 மணி வாக்கில் ஏறும். குடியிருப்புப் பகுதி என்றால் சொன்ன நேரத்துக்கு முடித்தும் விடுவார்கள், அதனால் தாமதமாகப் போனால் நஷ்டம் உங்களுக்கே. ‘ஃபோர்ஃபெர்காஃப்’ என்பது முன்பதிவு விலை, ‘ஆபெண்ட்காசே’ வாசல் விலை. குளிர்கோட்டைக் கழற்றி ஒப்படைக்கவும் டம்ளர் முன்பணத்துக்கும் சில்லறை வேண்டும். காதடைப்பான் கட்டாயம்: ஜெர்மன் தரவிதியே அரை மணிநேரச் சராசரியாக 99 டெசிபல் வரை அனுமதிக்கிறது, ஸ்பீக்கர் பக்கம் இரண்டு மணிநேரம் நின்றால் மறுநாளும் காது ரீங்காரமிடும். பஞ்சு வேண்டாம், இசைக்கென்று விற்கும் சிலிக்கான் வகையை வாங்குங்கள். சத்தம் குறையும், பாட்டு மங்காது. குழு பிடித்துப்போனால் மேசையில் விற்கும் இசைத்தட்டை அங்கேயே வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் பல நாள் கேட்பதைவிட அதில் அவர்கள் கைக்குப் போவது அதிகம்.

அறைக்குத் திரும்பியதும் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடுங்கள். இரவு 10க்கு மேல் சுவர் தாண்டிச் சத்தம் கேட்கக் கூடாது; பக்கத்து வீட்டுக்காரர் வீட்டு உரிமையாளருக்கு எழுதினால் அது உங்கள் கோப்பில் ஏறும்.

அக்டோபர் கடைசி வாக்கில் டோக் லைப்சிக் வரும். 1955இல் தொடங்கிய ஆவணப்பட விழா, உங்கள் ஊரிலேயே நடக்கிறது. ரயில் நிலையத்தின் கிழக்கு மண்டபத்தில் இலவசமாகவும் படம் போடுவார்கள். குளிரும், கம்பளிச் சட்டையோடு போங்கள்.