ஆட்டுக் குடற்புழுவுக்கு நாட்டு மருந்து கேட்குமா?

குடற்புழு மாத்திரையை விட்டுவிட்டு நாட்டு மருந்திலேயே சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து இருபது ஆடு வைத்திருப்பீர்கள், வாட்ஸப்பில் ஏதோ செய்முறை வந்திருக்கும். எங்கள் வீட்டில் வாட்ஸப்புக்கு முன்பே அம்மா இருந்தார்.

விருதுநகர் பக்கம் கரிசல் காடு, கன்னி என்ற நாட்டினத்தில் முப்பது ஆடுகள். சீரகம், மிளகு, கடுகு, மஞ்சள், பூண்டு, தும்பை, வேப்பிலை, பாகற்காய் எல்லாவற்றையும் அரைத்துப் பனைவெல்லத்தில் பிசைந்து, உப்பில் புரட்டி ஆட்டின் நாக்கில் தேய்த்துவிடுவார் அம்மா. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் மூலிகை மருத்துவத்திலும் ஏறக்குறைய இதே சரக்குதான், அதனால் என்னை மூலிகைக்கு எதிரி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மருந்துக் கம்பெனி ஆளும் இல்லை, கீழே படித்தால் தெரியும்.

ஒரு ஐப்பசி மழையில் குட்டிகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது, கண்ணிமையைப் பிதுக்கிப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். இரைப்பையில் தங்கி ரத்தம் குடிக்கும் புழுவின் வேலை அது, ஒரு பெண்புழுவே நாளைக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் போடும். "எய்யா, நான் குடுத்த மருந்துலதான் மிச்சதெல்லாம் பொழச்சுச்சு" என்று அம்மா சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மழை விட்டதும் பதினைந்து ஆடுகளைப் பிரித்தேன். ஐந்துக்கு அம்மா மருந்து, ஐந்துக்கு அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை, ஐந்துக்கு ஒன்றுமே இல்லை. ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுத்து, ஆட்டுக்கு ஒரு பை, காதில் கட்டிய நூல் நிறத்தை அதில் எழுதி, பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். பதினாலு நாள் கழித்து மறுபடியும்.

ஒரு கிராம் புழுக்கையில் இத்தனை புழு முட்டை என்று கணக்கு வந்தது. அம்மா மருந்து 1100இலிருந்து 600. பாதி குறைந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஒன்றும் கொடுக்காத ஆடுகள் 1050இலிருந்து 550. காடு காய்ந்து, மேய்ச்சலில் புதுப்புழு ஏறாததால் தானாகவே குறைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஐந்தை ஒன்றும் கொடுக்காமல் விட்டிருக்காவிட்டால் நானும் "நாட்டு மருந்து வேலை செய்கிறது" என்று வீடியோ போட்டிருப்பேன். ஐந்து ஆடு போதாது என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மாத்திரைக்காரர்களும் துள்ள வேண்டாம். அல்பெண்டசோல் 1200இலிருந்து 500. உருப்படியாக வேலை செய்யும் மருந்தென்றால் முட்டை 95 சதவீதமாவது குறைய வேண்டும். வருஷக்கணக்காக ஆட்டை எடை போடாமல் கண்மதிப்பில் அளவு குறைத்து, அதே மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுத்து, தாக்குப்பிடிக்கிற புழுவை நாங்களே வளர்த்திருக்கிறோம். டாக்டர் சொல்லி லெவமிசோல் என்ற வேறு புழு மருந்துக்கு மாற்றி, தராசில் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் முட்டை இறங்கியது.

அம்மா மருந்து இன்றும் உண்டு, இரை எடுக்காத ஆட்டுக்கு. குடற்புழுவுக்கு என்று கொடுப்பதில்லை. நீங்களும் சோதித்துப் பார்ப்பதானால், கண் வெளுத்த ஆட்டை மட்டும் "ஒன்றுமே கொடுக்காத" கூட்டத்தில் சேர்க்காதீர்கள். நான் ஒரு பெட்டைக்குட்டியை அதில் சேர்த்திருந்தேன். இரண்டாம் தடவை புழுக்கை எடுத்த மறுநாள் காலை அது எழுந்திருக்கவில்லை.