சேலத்தில் புகை, ஏற்காட்டில் பிசுபிசுப்பு

பட்டறைக் கேள்வி பதில்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி: காபித் தோட்டத்துக்குள் இரண்டு அறை கட்டி விருந்தினர்களுக்கு விடுகிறோம். காற்றில் விழுந்த சில்வர் ஓக் மரத்தை அறுத்து வைத்திருக்கிறோம். இரண்டு பலகைக்கு நடுவில் எபாக்சி ரெசின் (ஹார்டனர் என்ற திரவத்தோடு கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்) ஊற்றிச் சாப்பாட்டு மேசை செய்ய ஆசை. நீளம் ஐந்தடி, நடு இடைவெளி அரை அடி, ஆழம் ஒன்றரை அங்குலம். வாங்கியது 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் என்று எழுதியிருக்கிற, தண்ணீர் மாதிரியான ஹார்டனர். சேலத்தில் தம்பி வீட்டில் சோதனைக்கு அரை லிட்டர் கலக்கினோம். மக்கிலேயே கொதித்துப் புகைந்து வெடித்துப் போயிற்று. மிச்சத்தை மேலே கொண்டுவந்து ஒரு பலகையில் மெல்லிசாகப் பூசினேன். மூன்று நாளாகியும் எண்ணெய் தடவிய மாதிரி ஒட்டுகிறது. குளிராயிற்றே என்று ஹார்டனர் ஒரு மூடி கூடவே விட்டேன். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? எந்த ஹார்டனர் வாங்குவது?

கடைக்காரர் மேல் தப்பில்லை அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ‘ஒரு மூடி கூட’தான். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நானும் ஃபைபர் வேலையில் ஆரம்பித்தவன். அதில் போடுவது பாலியெஸ்டர் ரெசின். அதற்கு விடும் திரவம் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான், வினையைக் கிளப்பி விடுவதோடு அதன் வேலை முடிந்தது. குளிரென்றால் ஒரு சொட்டு கூட, வெயிலென்றால் ஒரு சொட்டு குறைய விடலாம். அந்தக் கைப்பழக்கத்தை எபாக்சிக்குக் கொண்டுவந்தால் கெட்டது வேலை. எபாக்சி ரெசினில் காஜா இருக்கிறது, ஹார்டனரில் பொத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காஜாவுக்கு ஒரு பொத்தான். மிஞ்சிய பொத்தானுக்குப் போக இடமில்லை, உள்ளேயே கிடந்து பூச்சை மெத்தென்று ஆக்கும். ஆகவே வேகம் வேண்டுமென்றால் வேறு ஹார்டனர் வாங்க வேண்டுமே தவிர, அளவில் கை வைக்கக் கூடாது.

நீங்கள் வாங்கியது 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் என்று எழுதியிருக்கிற, தண்ணீர் மாதிரியான ஹார்டனர் என்கிறீர்கள். அநேகமாக அது டிரைஎத்திலீன் டெட்ராமைன். சின்ன மூலக்கூறு, ஒவ்வொன்றிலும் ஆறு பொத்தான். அதனால்தான் பத்து கிராமே போதுகிறது, அதனால்தான் அத்தனை வேகமும். நார்த்துணி வைத்து ஒட்டுவதற்கும் மெல்லிய பூச்சுக்கும் நல்ல சரக்கு. மொத்தமாக ஊற்றுவதற்கு ஆகாது. இறுகும்போது எபாக்சி சூட்டைக் கக்கும். மெல்லிசாகப் பரப்பினால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். மக்கில் கிடந்தால் வெளியேற வழியில்லாமல் சூடு வினையை விரட்ட, வினை இன்னும் சூட்டைக் கிளப்ப, உங்கள் தம்பி பார்த்த புகைதான்.

நான் இதைவிடப் பெரிதாகப் பார்த்தவன். ஒரு அக்னி நட்சத்திரத்தில் நாலு லிட்டரை ஒரே பிளாஸ்டிக் வாளியில் கலக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வாளியின் அடி உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. பட்டறை முழுக்க நெடி, பக்கத்து வீட்டு அக்கா தெருவில் நின்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம், கலக்கியதும் அகலமான தட்டில் கொட்டிவிடுவேன்.

டப்பாவில் ‘30 நிமிடம்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 100 கிராம் கலவைக்கு, 25 டிகிரியில் சொன்ன கணக்கு. பத்து டிகிரி ஏறினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும், இறங்கினால் இரட்டிக்கும். சேலத்துச் சித்திரையில் அந்த முப்பது, பத்துப் பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் உயரத்துக்கு வந்தால் அதே டப்பா ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அங்கே இன்னொரு வம்பும் உண்டு. பனிமூட்டத்து ஈரத்தோடு காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்து, இன்னும் இறுகாத ஹார்டனரைப் பிடித்துக்கொள்ளும். மேலே மெழுகு பூசிய மாதிரி ஒரு படலம் வரும். நீங்கள் சொல்லும் எண்ணெய்ப் பிசுக்கு அதுவாகவும் இருக்கலாம், கூடுதல் மூடியின் வேலையாகவும் இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வைத்துக் கழுவிப் பாருங்கள். அடியில் கெட்டியாக இருந்தால் வெறும் படலம், துடைத்துக் காயவிட்டு உப்புத்தாள் போடலாம். கழுவாமல் உப்புத்தாள் போடாதீர்கள், பிசுக்கை உள்ளே தேய்த்துவிடுவீர்கள். நகம் இறங்கினால் அளவுதான் தப்பு, சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அதன் மேல் இன்னொரு கோட் அடித்து மூடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, மேசைக்கு வருவோம். உங்கள் இடைவெளி ஏறக்குறைய ஒன்பது லிட்டர் குடிக்கும். அதற்கு ஆழமாக ஊற்றவென்றே விற்கிற மெதுவான ஹார்டனர் வேண்டும். பெரும்பாலும் பாலிஈதர் அமீன் வகை. ஒரே தடவையில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் ஊற்றலாம் என்று டப்பாவோடு வரும் விவரத் தாளில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 38. அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் இரண்டு தடவையாக ஊற்றுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் இறுக நாலைந்து நாளாகலாம், ஆகட்டும். அறையைச் சாத்தி, தாளில் சொன்ன வெப்பத்துக்குக் கீழே போகாமல் மின் ஹீட்டர் வையுங்கள். கரி அடுப்போ கேஸ் அடுப்போ மட்டும் வேண்டாம், நாம் பயப்படுகிற ஈரத்தையும் கரியமில வாயுவையும் அவையே தரும். மேல் பூச்சுக்குச் சைக்ளோஅலிஃபாட்டிக் வகை ஹார்டனராகக் கேளுங்கள். அந்தப் படலம் அதில் குறைவு, மஞ்சளாவதும் தாமதம்.

மரம் நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மெல்லிய பூச்சால் அதன் துளைகளை அடைத்துவிட்டு, சூடு இறங்குகிற சாயங்கால நேரத்தில் ஊற்றினால் குமிழி குறையும். இறுகின பிறகும் ஒரு வாரம் விருந்தினரை உட்கார வைக்க வேண்டாம். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி பலதும் ஐம்பது அறுபது டிகிரியிலேயே இளகும். காபித் தோட்டத்து வீடு வேறு, கொதிக்கக் கொதிக்க டம்ளரை வைத்தால் வளையம் விழும். அடியில் ஒரு டபரா போதும்.

அம்மாபேட்டை வாசகி: சாவிக்கொத்து, ஜிமிக்கி செய்து விற்கிறேன். டப்பாவில் 2:1 என்றிருக்கிறது. கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் அண்ணனின் தராசில் மில்லிகிராம் பிசகாமல் நிறுத்துத்தான் கலக்குகிறேன். ஆனாலும் வளைகிறது.

தராசு சரி கண்ணு, டப்பா சொன்னது தராசுக் கணக்கா என்று பார்த்தாயா? ‘கன அளவில்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதாவது எடையில் இல்லை, கப்பில் அளக்கிற கொள்ளளவில். ரெசின் கனமானது, ஹார்டனர் லேசானது. கன அளவில் 2:1 என்பது எடையில் 100-க்கு 43 பக்கம் வரும். நீ 50 போட்டிருக்கிறாய். எடைக் கணக்குத் தாளில் இருந்தால் அதை எடுத்துக்கொள், இல்லையென்றால் கோடு போட்ட கப்பில் அள. கலக்கும்போது ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்கு. கலந்ததை வேறு கப்புக்கு மாற்றி இன்னொரு தடவையும் கலக்கிவிட்டால் தேவலை. நைட்ரைல் கையுறை கட்டாயம். ஹார்டனர் தோலுக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் இந்தத் தொழிலையே விட வேண்டி வரும்.

ஓமலூர் வாசகர்: தொட்டியில் விரிசல். எவ்வளவு துடைத்தாலும் ஈரம் கசிகிறது. எபாக்சி பிடிக்குமா?

பாலிஅமைடு ஹார்டனர் வருகிற இரண்டு டப்பா பசையாக வாங்குங்கள், ஈரத்திலும் பிடிக்கும் என்று மேலே எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் சரிபாதி கலப்பு, அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பொறுத்துக்கொள்ளும். குடிதண்ணீர்த் தொட்டியா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் குடிநீருக்கு ஏற்றது என்று குறித்ததைத்தான் வாங்க வேண்டும். எதுவானாலும் தண்ணீரை வடித்துவிட்டு வேலை பாருங்கள்.