செல்லப்பிராணி கேள்வி - பதில்: தூக்கினால் அலறுகிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை

கேள்வி: எங்கள் டாக்ஷண்ட் நாய்க்கு 5 வயது, எடை 9 கிலோ. இரண்டு வாரமாகத் தூக்கினாலே வீல் என்று கத்துகிறது. முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிறது. சோபா வரை வந்து, ஏறப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் குறையில்லை. வலி மாத்திரை கொடுத்த மூன்றாம் நாளே பழையபடி ஓடியது. மாத்திரை முடிந்ததும் மறுபடி அதே பாடு. எங்கே வலிக்கிறது என்றே பிடிபடவில்லை.

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு அறிகுறியும் முதுகுத்தண்டின் டிஸ்க்கைத்தான் காட்டுகிறது. டாக்ஷண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில், இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்க வேண்டிய டிஸ்க், ஒரு வயதுக்குள்ளேயே உலர்ந்து இறுகத் தொடங்கிவிடும். 3 வயதிலிருந்து 7 வயதுக்குள் ஏதோ ஒரு குதிப்பில் அதன் மேல்வளையம் கிழிந்து, உள்ளே இருப்பது தண்டுவடத்தின் மேல் பிதுங்கும். பெரும்பாலும் இது நெஞ்சும் இடுப்பும் சேருகிற இடத்தில் நடக்கும். நெஞ்சுக்கடியில் கைகொடுத்துத் தூக்கும்போது வளைவதும் அதே இடம்தான்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தண்டுவடம் நசுங்குவதைக் காட்டாது. எலும்பு முறிவு, கட்டி, எலும்பில் கிருமித்தொற்று ஆகியவை கண்ணில் படவில்லை என்பதற்கு மேல் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை. டிஸ்க்கைப் பார்க்க எம்.ஆர்.ஐ வேண்டும். இந்த நிலையில் எல்லா நாய்க்கும் அது உடனே தேவைப்படாது.

உங்கள் நாய் விஷயத்தில் பிசகியது அந்த மூன்றாம் நாள். மாத்திரை வலியை அடக்கியது, கிழிசலை மூடவில்லை. வலி தெரியாத நாய் குதிக்கும். குதித்தால் இன்னும் கொஞ்சம் பிதுங்கும். அதனால் மாத்திரை ஓடும் நாட்களில்தான் கட்டுப்பாடு கூடுதலாக வேண்டும். 4 முதல் 6 வாரம் கூண்டு ஓய்வு. நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிய கூண்டு வேண்டாம். சிறுநீர், மலம் கழிக்க மட்டும் நாளைக்கு நாலைந்து முறை, ஐந்து நிமிடம், கயிற்றோடு வெளியே. கயிறு கழுத்துப் பட்டையில் வேண்டாம், மார்புப் பட்டையில் மாட்டுங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்தொடைகளுக்கடியில், முதுகு தரைக்கு இணையாக. முதல் வாரம் கூண்டுக்குள்ளிருந்து அழும். பாவம் பார்த்துத் திறந்துவிடும் வீட்டில்தான் இரண்டாம் வாரம் பின்னங்கால் இழுக்கிறது.

தினம் ஒரு சோதனை செய்யுங்கள். நாயை நிற்க வைத்து, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பின்பாதத்தை மட்டும் மடக்கி, பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு சரியாக இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் திருப்பிக்கொள்ளும். அப்படியே விட்டுவைத்தால், அல்லது யோசித்து யோசித்துத் திருப்பினால், தண்டுவடம் நசுங்குகிறது. நகத்தையும் பாருங்கள்: பின்பாதத்தின் நடு இரண்டு நகங்கள் மட்டும் மேல்பக்கம் தேய்ந்திருந்தால் நாய் பாதத்தை இழுத்து நடக்கிறது.

நடை தள்ளாடினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பின்னங்கால்கள் தாங்கவில்லை என்றால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். காலில் வலி உணர்வு இருக்கும்போதே அறுவை சிகிச்சை நடந்தால் பத்தில் ஒன்பது நாய்கள் திரும்ப நடக்கும். உணர்வே போன பிறகு செய்தால் ஏறக்குறைய பாதிதான். விரலைக் கிள்ளும்போது காலை இழுத்துக்கொள்வதைப் பார்த்து ‘உணர்வு இருக்கிறது’ என்று நிம்மதியடையாதீர்கள். அது மூளைக்குத் தெரியாமலே நடக்கும் அனிச்சைச் செயல். கிள்ளும்போது தலையைத் திருப்ப வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். படுத்த இடம் நனைவதும் இப்படித்தான் ஏமாற்றும்: சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறதே தவிர, அது தானாகச் சிறுநீர் கழிப்பதில்லை. பையை அழுத்தி வெளியேற்ற மருத்துவர் கற்றுத் தருவார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. டிஸ்க் வலியில் வயிறு கல் மாதிரி இறுகும். அதை வயிற்று வலி என்று நினைத்துப் பூச்சி மருந்து கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் வாந்தியும் இருந்து, முன்னங்கால்களை நீட்டித் தாழ்த்திப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டால், வலி நிஜமாகவே வயிற்றில்தான். கணையத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2 வயது பொமரேனியன். ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு துள்ளும். பிறகு காலை உதறிவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஓடும். கத்துவதே இல்லை.

பதில்: முட்டிச் சில்லு தன் பள்ளத்தை விட்டு உள்பக்கம் நழுவி, தானே திரும்பி வந்து உட்காருகிறது. சின்ன இனங்களில் இது சர்வ சாதாரணம். நான்கு நிலைகள் உண்டு. விரலால் தள்ளினால் மட்டும் நழுவுவது முதல் நிலை. எப்போதும் நழுவியே கிடப்பது நான்காவது. உங்களுடையது அநேகமாக இரண்டு. எடையைக் குறைத்து, வழுக்கும் தரையில் விரிப்பு போட்டு, பாதத் திண்டுகளுக்கு நடுவே வளரும் முடியை வெட்டிவிட்டால் பல நாய்களுக்கு அதுவே போதும். துள்ளிக்கொண்டிருந்த நாய் ஒருநாள் காலை ஊன்றவே மறுத்தால், முட்டித் தசைநார் அறுந்திருக்கலாம்.

மருத்துவமனையில் நாய் நொண்டாது, பதற்றத்தில் எல்லாம் மறந்துவிடும். வீட்டிலேயே கயிற்றில் பிடித்து மெல்ல நடக்கவிட்டு, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஒருநாள் வலது முன்கால், இரண்டு நாள் கழித்து இடது பின்கால் என்று நொண்டல் இடம் மாறுகிறது. காலையில் எழவே முடியவில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

பதில்: கால் மாறி மாறி நொண்டினால் ஒரு காலை எக்ஸ்ரே எடுத்துப் பயனில்லை. பல மூட்டுகள் ஒரே நேரத்தில் வீங்கியிருக்கும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்கு மேல் இருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனையும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். உண்ணி கண்ணில் படவில்லை என்பது சோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது. கடித்துவிட்டு எப்போதோ உதிர்ந்திருக்கும். சோதனையில் தெரியவில்லை என்றால் மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோயும் இதே மாதிரிதான் தெரியும். அதற்கு மருந்து ஸ்டீராய்டு. சோதனைக்கு முன்பே அதைப் போட்டுவிட்டால் முடிவுகள் குழம்பிப்போகும்.

கேள்வி: அவசரத்துக்கு நாம் போடும் வலி மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் மூன்றும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவர் தந்த நாய் மாத்திரையிலும் ஒரு கண்ணி இருக்கிறது: கார்ப்ரோஃபென், மெலாக்ஸிகாம் போன்றவற்றை ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால் குடலே ஓட்டையாகலாம். வேறு மருத்துவரிடம் போனால் ஏற்கெனவே கொடுத்த மாத்திரையின் அட்டையையும் கடைசியாகக் கொடுத்த நேரத்தையும் காட்டுங்கள். நரம்பு வலிக்கான கபாபென்டின் எழுதித் தந்தால், மனிதர்களுக்கான திரவ மருந்தை வாங்காதீர்கள்; சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருக்கும், அது நாய்க்கு விஷம்.