உப்புக் காற்றில் ஒரு புது கேமரா

கேள்வி: ஆறு வருடமாகக் கேனான் 1500டி வைத்திருந்தேன். இப்போதுதான் ஃபுல் ஃப்ரேமுக்கு (படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் கேமராவுக்கு) மாறி, ஆர்6 மார்க் 2-வை 24–105 எஃப்4 எல் லென்ஸோடு வாங்கினேன். குளிர்காலத்தில் கோடியக்கரைப் பூநாரைகள், உப்பளங்கள், அப்புறம் வீட்டு விசேஷங்கள்... இவைதான் நான் எடுக்கும் படங்கள். கையில் 30,000 ரூபாய் மீதி இருக்கிறது. பேக், ட்ரைபாட், ஃபில்டர், ஒரு மெமரி கார்டு எல்லாம் சேர்த்து ஒரே காம்போவாகத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? பழைய 55–250 லென்ஸைப் புது கேமராவில் மாட்ட அடாப்டர் வேண்டுமா?
– ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: காம்போ வேண்டாம் சகோதரி. தனித்தனியாக, அவசரமானது முதலில் என்று வாங்குங்கள்.

முதலில் கார்டு. உங்கள் கேமராவில் இரண்டு எஸ்டி கார்டு போடலாம். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிகிற மாதிரி மெனுவில் மாற்றிக்கொள்ளுங்கள். 2013-ல் ஒரு கல்யாணம். அப்போது என்னிடம் இருந்த கேமராவில் ஒரு கார்டுதான் போட முடியும். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் பாட்டி, நடக்க முடியாதவர், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க மணவறைக்கு வந்து பேத்தியின் தலையில் கை வைத்தார். எடுத்தேன். அடுத்த படத்துக்கு விரலை அழுத்தும்போது திரையில் ‘கார்டு எரர்’. மீட்டுத் தருபவரிடம் கொடுத்து முக்கால்வாசிப் படங்களை வாங்கிவிட்டேன். பாட்டியின் படம் வரவே இல்லை. அந்த வீட்டுக்குப் போய் அதைச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை. அதனால் இரண்டு கார்டு, இரண்டும் ஒரே வகை. ஒன்று வேகம் குறைந்ததாக இருந்தால் கேமரா அதற்காகக் காத்திருக்கும். மேலே ‘வி60’ என்று அச்சிட்ட யுஎச்எஸ்-2 கார்டாகப் பாருங்கள். வினாடிக்குக் குறைந்தது 60 எம்.பி. தொடர்ந்து எழுதும் என்பது அதன் பொருள். பின்பக்கம் திருப்பினால் தங்க நிறத் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். பூநாரைக் கூட்டம் மேலெழும்போது இந்த கேமரா மெக்கானிக்கல் ஷட்டரிலேயே வினாடிக்கு 12 படம் எடுக்கும். மெதுவான கார்டு போட்டால் பாதிப் பறவை பறப்பதற்குள் திணறி நின்றுவிடும். பில் போட்டுத் தரும் கடையிலேயே வாங்குங்கள், போலி கார்டு நிறைய சுற்றுகிறது.

அடுத்து பேட்டரி. 1500டி-யின் பேட்டரி இதில் நுழையாது. எல்பி-இ6என்எச் ஒன்று கூடுதலாக வேண்டும், கம்பெனி பேட்டரியாகவே. உங்கள் புது கேமரா மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத வகை. இதில் கண் வைத்துப் பார்க்கும் இடத்திலும் உள்ளே ஒரு குட்டித் திரைதான் ஓடுகிறது. அதனால் பழைய கேமரா மாதிரி ஒரு சார்ஜில் நாள் முழுக்கத் தாங்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மூன்றாவது, நம் கடற்கரைக்காரர்களுக்கு இதுதான் உயிர்: காற்றுப் புகாத மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. ரப்பர் வளையம் வைத்து, கிளிப் மாட்டி மூடுகிற பெரிய டப்பா. அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 60-க்கு மேலேயே கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். அரிசி போட வேண்டாம், அதன் தூசு போதும் கெடுக்க. அந்துருண்டையும் கூடாது. கேமராவைப் பேக்கிலேயே வைத்துப் பீரோவில் பூட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பேக்கின் மெத்தைதான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஃபில்டர் பற்றி: யுவி ஃபில்டர் படத்தை நன்றாக்காது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்க்காரர் கேட்டிருந்தால், லென்ஸ் முனையில் மாட்டும் ஹுட் (மறைப்பு வளையம்) போதும் என்றிருப்பேன். உப்பளத்துக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றாலே லென்ஸ் முகப்பில் பிசுபிசுப்பு படியும். அதைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிப் பூச்சைக் கெடுப்பதைவிட ஃபில்டரைத் துடைப்பது மேல். உங்கள் லென்ஸுக்கு அளவு 77 எம்.எம். நல்லதாக ஒன்று. விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், குத்துவிளக்குச் சுடர் இரட்டையாக விழும்.

ஒரு ரப்பர் ப்ளோயர் வாங்குங்கள். சென்சாரில் தூசு தெரிந்தால் மெனுவில் சுத்தம் செய்யும் வசதியைத் திறந்து, கேமராவைக் குப்புறப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது.

காம்போ ட்ரைபாடைக் கடையிலேயே சோதியுங்கள்: கேமராவை மாட்டி, காலை முழுதாக நீட்டி, மேலே விரலால் தட்டுங்கள். ஆட்டம் உடனே அடங்காவிட்டால் அது உங்களுக்கு ஆகாது. கேமராவும் லென்ஸும் சேர்ந்து 1.3 கிலோவுக்கு மேல். நல்ல ட்ரைபாட் பிறகு வாங்கலாம். அதுவரை தையல்காரரிடம் தடித்த துணியில் ஒரு பை தைத்து, முக்கால் அளவு தட்டைப்பயறு நிரப்பிக் கட்டுங்கள். கார் ஜன்னலில், மதகுச் சுவரில் வைத்து லென்ஸை அழுத்தினால் அப்படியே குழிந்து பிடித்துக்கொள்ளும். என்னுடையதில் பயறு மூன்று முறை மாறிவிட்டது, பை அதே பைதான்.

கடைசியாக அடாப்டர். இப்போது வேண்டாம். 55–250 சின்ன சென்சாருக்கான லென்ஸ். ஆர்6 மார்க் 2-வில் மாட்டினால் கேமரா நடுப்பகுதியை மட்டும் எடுத்து, 24 மெகாபிக்சலில் ஒன்பது சொச்சத்தைத்தான் தரும். அதே லென்ஸ் 1500டி-யில் 24 மெகாபிக்சல் முழுவதையும் பறவை மேல் செலவிடுகிறது. ஆகவே பழைய கேமராவை விற்காமல், தூரப் பறவைக்கு அந்த ஜோடியையே வைத்துக்கொள்ளுங்கள். பணம் சேர்ந்ததும் புது கேமராவுக்கு ஆர்எஃப் 100–400 லென்ஸ் பாருங்கள், 635 கிராம்தான், கையிலேயே பிடிக்கலாம். வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஃப்ளாஷ் தேவைப்படும். 1500டி-யில் இருப்பது மாதிரி புது கேமராவில் உள்ளேயே ஃப்ளாஷ் கிடையாது.

கேள்வி: கடற்கரையில் எடுத்துவிட்டு வந்ததும் கேமராவை எப்படித் துடைப்பது?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: முதலில் ப்ளோயரால் மணலை ஊதித் தள்ளுங்கள், மணலோடு துடைத்தால் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடம்பை மட்டும் ஒரு முறை, உடனே உலர்ந்த துணியால் ஒரு முறை. லென்ஸைக் கழற்றாமல் செய்யுங்கள். ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு டப்பாவில் வையுங்கள்.