பந்தய விளையாட்டு விரிவாக்கங்கள்: எப்போது தொடங்கி எப்போது முடிகின்றன?

பெங்களூருவில் பந்தய வீடியோ கேம்களுக்கான கார்களையும் சாலைகளையும் உருவாக்கும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டில் புதிய இடங்களையும் கார்களையும் சேர்க்கத் தனியாக விற்கப்படும் கூடுதல் பகுதியைத்தான் விரிவாக்கம் என்கிறோம். அப்படி ஒரு விரிவாக்கத்தைத் திட்டமிட்டு முடிக்க எவ்வளவு காலமாகும் என்பது பற்றி நம் ஊர்த் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

அல்சூர், கல்லூரி மாணவர்: ஃபோர்ஸா ஹொரைசன் 4 விளையாட்டு 2018 அக்டோபரில் வந்தது. டிசம்பரிலேயே அதன் விரிவாக்கமான ஃபார்ச்சூன் ஐலண்ட் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் ஒரு தீவையே உருவாக்கிவிட முடியுமா அண்ணா?

முடியாது, தம்பி. அந்தத் தேதிகள் விற்பனை தொடங்கிய நாளைத்தான் சொல்கின்றன, வேலை தொடங்கிய நாளை அல்ல. 2014 செப்டம்பரில் ஹொரைசன் 2, அதே டிசம்பரில் ஸ்டார்ம் ஐலண்ட். 2016 செப்டம்பரில் ஹொரைசன் 3, அதே டிசம்பரில் பிளிஸார்ட் மவுண்டன். இப்படி முறை மாறாமல் வந்திருப்பதைப் பார்த்தாலே, முதல் விரிவாக்கம் மூல விளையாட்டோடு சேர்த்தே திட்டமிடப்பட்டது என்பது விளங்கும். பெரிய விளையாட்டு ஒன்றின் கடைசி மாதங்களில் புரோகிராமர்கள் பிழை திருத்துவதில் மூழ்கியிருப்பார்கள்; நிலப்பரப்பை உருவாக்கிய கலைஞர்களுக்கோ அதற்குள் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும் என்பதால், அவர்களை அடுத்த வரைபடத்துக்கு மாற்றிவிடுவது இத்துறையில் வழக்கம். புதிய நிலப்பரப்போடு வரும் விரிவாக்கம் என்றால், முதல் யோசனையிலிருந்து விற்பனை வரை ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும் என்பது என் கணிப்பு.

இந்திரா நகர், மென்பொருள் பொறியாளர்: அந்த ஓராண்டில் எந்த வேலைக்கு அதிக நேரம் செலவாகிறது?

சாலைக்கு. பலரும் கார் என்றுதான் நினைக்கிறார்கள். மலை, காடு, ஊர் எல்லாவற்றையும் முதலில் சாம்பல் நிறக் கட்டைகளாக வைத்துக்கொண்டு, வெறும் சாலையை மட்டும் ஓட்டிப் பார்ப்போம். எந்த வளைவில் பிரேக் பிடிக்க வேண்டும், எந்த ஏற்றத்தில் கார் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிட வேண்டும். மரங்களையும் வீடுகளையும் நிறுத்திய பிறகு ஒரே ஒரு வளைவை மாற்றினாலும், கணினி ஓட்டும் கார்களுக்கு வரைந்த பாதை, கார்கள் கடந்தாக வேண்டிய செக்பாயிண்டுகள், ஓரத் தடுப்புகள் என அனைத்தையும் மறுபடி செய்ய நேரிடும்.

அதன் பிறகு இணைப்புகள் இருக்கின்றன. இரண்டு சாலைத் துண்டுகள் சேரும் இடத்தில் கண்ணுக்கே புலப்படாத ஒரு மேடு இருந்தாலும், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதில் தட்டித் துள்ளிவிடும். மெதுவாக வந்தால் ஒன்றுமே தெரியாது. எனவே சோதனையாளர் அதே இணைப்பின் மீது பழைய ஜீப்பில் ஒரு முறை, தரையை ஒட்டி ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை, மழையில் ஒரு முறை என்று ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆட்களைக் கூட்டினால் இந்தக் காலம் சுருங்கும் என்று மேலாளர்கள் நம்புவதுண்டு. சோதனைக்கு அது பொருந்தலாம். சாலையின் போக்கை வகுப்பது ஒருவர் இருவர் கையில் இருந்தால்தான் ஓட்டுவதற்கு இன்பமாக அமையும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஜெயநகர் வாசகர்: கார்களை நிஜக் கார்களைப் பார்த்துத்தானே செய்கிறீர்கள்? அதில் என்ன தாமதம்?

கிரான் டூரிஸ்மோ என்ற பந்தய விளையாட்டுத் தொடரை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி, ஒரு காரைச் செய்ய ஒருவருக்கு ஆறு மாதம் ஆகிறது என்று கூறியிருக்கிறார். எல்லா நிறுவனங்களும் அவ்வளவு காலம் எடுப்பதில்லை. ஆனால் செய்து முடித்த பிறகு நிஜக் காரின் தயாரிப்பு நிறுவனத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது எல்லோருக்கும் பொது. முகப்பு விளக்கின் உள்ளே தெரியும் வளையம் சற்றுத் தடித்துவிட்டது என்று படத்தில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள், நாங்கள் திருத்தி மறுபடி அனுப்புவோம். ஹாட் வீல்ஸ், லெகோ போன்ற பெயர்களோடு வரும் விரிவாக்கங்களில் அந்தப் பொம்மை நிறுவனங்களின் ஒப்புதலும் தேவைப்படும். இந்த நிறுவனங்களின் பெயரையும் வடிவங்களையும் பயன்படுத்தப் பெறும் உரிமங்களுக்குக் காலவரையறை உண்டு. ஹொரைசன் 4 விளையாட்டு 2024 டிசம்பர் 15 முதல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டதற்கும் அதுவே காரணம். முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடலாம்.

அல்சூர் மாணவர் மீண்டும்: ஏன் எப்போதும் தீவாகவே கொடுக்கிறார்கள்?

கடல் இயல்பான எல்லையாக அமைந்துவிடுகிறது என்பதுதான் முதற்காரணம். அத்துடன், தனி வரைபடம் என்றால் அதைத் தனியாக லோடு செய்யலாம். பழைய ஊருக்கென ஒதுக்கிய கணினி நினைவகத்தைத் தொட வேண்டியதில்லை, அங்கே சரியாக ஓடிக்கொண்டிருப்பது எதுவும் கெடாது. 2008 ஜனவரியில் வந்த பர்னவுட் பாரடைஸ் விளையாட்டுக்கு 2009 ஜூனில் பிக் சர்ஃப் ஐலண்ட் வந்தபோது, அது பாலத்தின் வழியே பழைய நகரத்தோடு இணைந்திருந்தது. விளையாடுபவருக்கு அதுவே நிறைவு தருவது. உருவாக்குபவருக்கு அது கூடுதல் பாடு.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: ஹொரைசன் 5 விளையாட்டு 2021 நவம்பரில் வந்தது, முதல் விரிவாக்கம் 2022 ஜூலையில்தான் வந்தது. ஏதோ சிக்கல் என்று கொள்ளலாமா?

இடைவெளியை மட்டும் வைத்து அப்படிச் சொல்வது தவறு. மூல விளையாட்டைச் சீர்செய்ய எவ்வளவு ஆட்கள் தேவைப்பட்டார்கள், விரிவாக்கம் எந்தப் பருவத்தில் விற்கும் என்று நிறுவனம் கருதியது என்பவையும் அதில் அடக்கம். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற பந்தய விளையாட்டு 48 கூடுதல் பந்தயத் தடங்களை 2022 மார்ச்சிலிருந்து 2023 நவம்பர் வரை ஆறு தவணைகளாகக் கொடுத்தது. முந்தைய விளையாட்டுகளில் இருந்த தடங்களே அவற்றில் மிகுதி என்பதால், தவணை முறை அங்கே நன்றாகப் பொருந்தியது.

சிவாஜி நகர், ஒரு தாயார்: என் மகன் இந்தத் துறைக்குத்தான் போவேன் என்கிறான். இங்கே உண்மையாகவே வேலை இருக்கிறதா தம்பி?

இருக்கிறதம்மா. 1997இல் இங்கே தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கார்களும் காட்சிப் பொருள்களும் செய்து கொடுத்து வளர்ந்தது. 2019இல் வீடியோ கேம் நிறுவனமான ராக்ஸ்டார் அதை வாங்கியது. வேறு நிறுவனங்களும் உள்ளன. ஒப்பந்தம் முடிந்தால் வேலை மெலிந்துவிடும் காலங்கள் வரும் என்பதையும் அவனிடம் சொல்லி வையுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பளபளக்கும் காரின் படம் ஒன்றை மட்டும் அனுப்பாமல், தானே உருவாக்கிய ஒரு கிலோமீட்டர் சாலையை, ஓட்டிப் பார்க்கும் நிலையில் அனுப்பச் சொல்லுங்கள். நான் தேர்வு செய்யும் இடத்தில் இருக்கும்போது முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.