இயக்குநர்கள் 'என்னை உருவாக்கிய படம்' என்று சொல்வது எதை?

பிடித்த படங்கள் நூறு இருக்கலாம். ஆனால் ஒரு படத்தைப் பார்த்ததும் 'அட, இப்படியும் எடுக்கலாமா, அப்போ நானும் எடுப்பேன்' என்று தைரியம் வருகிறது பாருங்கள், அதைத்தான் பேட்டிகளில் அப்படிச் சொல்கிறார்கள்.

வங்க இயக்குநர் சத்யஜித் ரேயை எடுத்துக்கொள்வோம். 1950இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போனவர், அங்கே இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தைப் பார்த்தார். அதில் அப்பாவாக நடித்தவர் நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. படப்பிடிப்பு பெரும்பாலும் ரோம் நகரத் தெருக்களில். நட்சத்திரம் இல்லாமலே படம் நிற்கும் என்பது கண்முன் தெரிந்துவிட்டது. ஊர் திரும்பும் கப்பலிலேயே தன் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்குக் குறிப்பெழுதத் தொடங்கிவிட்டார். 1955இல் வெளியான அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை!

பக்கத்து வீட்டில் சாப்பிடும்போது 'தேங்காய் அரைக்காமலே குழம்பு இவ்வளவு ருசிக்குமா' என்று தோன்றுமே, அந்த மாதிரி. நம் வீட்டில் வைப்பது நம் குழம்புதான்.

'அப்படியென்றால் காப்பிதானே?' என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ரேயின் கதை விபூதிபூஷணின் வங்க நாவலிலிருந்து வந்தது; திருடுபோன சைக்கிளைத் தேடும் இத்தாலியக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.