மான் வேட்டைக்கு எத்தனை பவுண்டு வில்? கேள்வி பதில்

அமெரிக்காவில் வில் வேட்டை ஆடிப் பழகி, இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். நம்மூர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. இங்கே பவுண்டு என்பது வில்லின் எடை இல்லை, நாணை இழுக்கத் தேவைப்படும் விசை.

தேவகோட்டைத் தம்பி: அண்ணே, வேலைக்காகப் பென்சில்வேனியா போகிறேன். மான் வேட்டைக்கு 70 பவுண்டு வில் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த மாநிலச் சட்டம் கேட்பதே 35 பவுண்டுதான். வெள்ளைவால் மானுக்கு 50 தாராளம். நவம்பர் குளிரில் கனத்த சட்டையோடு பரணில் மணிக்கணக்காக அசையாமல் இருக்க வேண்டும். மான் 20 கெஜத்தில் வந்து நிற்கும்போது வில்லை வானத்துக்குத் தூக்கி முக்கி இழுத்தால், அது நிற்குமா? கடையிலேயே சோதித்துப் பார். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையைவிட்டுத் தூக்கி, வில்லை நேராக நீட்டி மெதுவாக இழு. திணறினால் 5 பவுண்டு குறை. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் போல்ட்டைத் திருகியே குறைத்துக்கொள்ளலாம். 80 சதவீதம் லெட்-ஆஃப் (முழுக்க இழுத்தபின் குறையும் பாரம்) உள்ள 60 பவுண்டு வில்லை முழுக்க இழுத்தபின் விரல் தாங்குவது 12 பவுண்டுதான் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் நடுவில் அந்த 60-ஐத் தாண்டித்தானே ஆக வேண்டும்!

பள்ளத்தூர் ஆச்சி: தம்பி, அமெரிக்காவில் இருக்கும் என் மகளால் 42 பவுண்டுதான் இழுக்க முடிகிறது. மருமகன் கேலி செய்கிறார்.

கேலியை விடுங்கள் ஆச்சி. அம்பு மானைக் கொல்வது அடியால் இல்லை, வெட்டால். முனை சவரக்கத்திபோல் இருந்து, முன்னங்காலுக்குப் பின்னால் நுரையீரலில் பாய்ந்தால் 42 போதும். பாயும்போது விரியும் முனை வேண்டாம், விரிவதற்கே விசை செலவாகும். இரண்டு அலகுள்ள நிலையான முனை வாங்கட்டும். அம்பும் கனமாக, வில்லின் ஒரு பவுண்டுக்கு 9, 10 கிரெயின் (அம்பை நிறுக்கும் சிறு எடை அளவு) இருக்கட்டும். தூரம் 20 கெஜத்துக்குள். மான் பக்கவாட்டிலோ சற்றே நமக்கு எதிர்ப்பக்கம் திரும்பியோ நிற்க வேண்டும். நேருக்கு நேர் பார்த்து நின்றால் எய்யவே கூடாது. மாநிலச் சட்டம் 42-ஐ அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், சில இடங்களில் 40 கேட்பார்கள்.

கானாடுகாத்தான் நண்பர்: என் ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது) 45 என்று போட்டிருக்கிறது. நான் குட்டை, 26 அங்குலம்தான் இழுக்கிறேன்.

அந்த 45 என்பது 28 அங்குல இழுப்புக்கு. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 2, 3 பவுண்டு போய்விடும். உங்கள் கையில் 40 பவுண்டுதான். வில் தராசு கொண்டு அளந்துவிடுங்கள்.

இளையான்குடி மாணவர்: நம்ம பக்கக் காட்டில் புள்ளிமானுக்கு எத்தனை பவுண்டு?

பூஜ்யம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வில்லானாலும் கண்ணியானாலும் சிறைதான். வைக்கோல் கட்டில் எய்து பழகுங்கள்.

அதே மாணவர்: அதற்கு எதில் தொடங்கலாம்?

25 பவுண்டு ரிகர்வ். தோள் நடுங்காமல் எய்ய வந்தபின் இரண்டு, மூன்று பவுண்டாக ஏற்றுங்கள். ஒரேயடியாக 40-க்குத் தாவிய பையன்கள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.